ரோசம்மாளும் இரண்டு ரூபாய் இன்ஷூரன்ஸும்

ரோசம்மாளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவள் புகழ் பாட வந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் அப்போது ஒரு டப்பா கம்பெனி இருந்தது. எண்ணெய்க்கும் பெயிண்டுக்கும் தகர டப்பா அடிக்கிற இடம். அங்கே நான் கிளார்க், பெயர் சுப்பராயன். அவள் தினக்கூலி. கவரைப்பேட்டையிலிருந்து ஒரு ஸ்டேஷன் ரயிலில் வருவாள். அந்த ஒரு ஸ்டேஷனுக்கும் சீட்டுக்குச் சண்டை போடுவாள்.

சனிக்கிழமை கூலி வாங்கும்போது மற்றப் பெண்கள் கைநாட்டு வைத்துவிட்டுப் பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு போவார்கள். இவள் மட்டும் நின்று, "இன்னா எழுதிக்கிற, படி சார்" என்பாள். படித்துக் காட்டினால், "இன்னொரு தபா படி" என்பாள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பாளாம். அ, ஆ தெரியாதவளுக்கு இவ்வளவு திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அப்பன் எதற்கென்று தெரியாமலே ஒரு காகிதத்தில் கட்டைவிரலை அமுக்கி, இருந்த கொஞ்ச நிலத்தையும் பண்ணையாரிடம் விட்டவன் என்று செங்கம்மாள் ஒருநாள் சொன்னாள். செங்கம்மாள் அவளோடு தகரம் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஓட்டுகிறவள். அதைக் கேட்ட பிறகும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதற்கு நானா பொறுப்பு என்றுதான் தோன்றியது.

எழுபத்தைந்து அக்டோபரில் மூன்றாம் நம்பர் பிரஸ் அவளுடைய வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி ஒடிந்து நாலு மாதமாகியிருந்தது. ஒடிந்த விஷயத்தை நோட்டில் எழுதி வைத்தவனும் நான்தான். அப்போது நிர்வாகம் பார்த்த முதலாளியின் மைத்துனர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார், கிழித்தேன். விபத்து ரெஜிஸ்டரில், 'விடுப்பில் இருந்தபோது வீட்டுக் கதவில் விரல் நசுங்கியது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எனக்கு மூன்று பெண் குழந்தைகள். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கம்பெனி அவளுக்கு இருநூறு ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்தது. கேன்டீனில் டம்ளர் கழுவப் போட்டது. புண் சீழ் பிடித்து, மணிக்கட்டோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நேரத்தில், கை தங்கினால் வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டாள். கை தங்கியது. போக மட்டும் முடியவில்லை. போகவர பஸ் கூலிக்கே ஒரு மாதம் டம்ளர் கழுவ வேண்டும்.

எழுபத்தேழு மே மாதம் கம்பெனியே ஒரு டூர் அறிவித்தது. மூன்று நாள், சிதம்பரம், வேளாங்கண்ணி. பஸ்ஸும் சாப்பாடும் கம்பெனி செலவு. ஒரே ஒரு நிபந்தனை, ஆளுக்கு இரண்டு ரூபாய் கட்டிப் பிரயாண விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். எடுக்காதவர் பஸ் ஏறக் கூடாது. கேன்டீனில் ஒரு வாரம் இதே பேச்சு. கோயிலுக்குப் போகும்போது சாவுக்குச் சீட்டு வாங்குவார்களா என்று பாதிப் பேர். மாதா காப்பாத்தமாட்டாளா, இந்த இரண்டு ரூபாய்தான் காப்பாத்தப் போகுதா என்று செங்கம்மாள். அவள் வீட்டுக்காரன், நீ செத்தால் ஐயாயிரம் வருமாமே, அவசியம் எடு என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஃபாரம் நிரப்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் புது வெல்ஃபேர் ஆபீசர் ஆதிகேசவன் என்னைக் கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"ரோசம்மா திருவள்ளூர்ல ஒரு வக்கீலைப் பார்த்துக்கினு கீறாளாமே."

"அப்படித்தான் கேள்வி, சார்."

"ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். அக்டோபர் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு அந்த ஃபாரத்துல உடல் ஊனம் உண்டா, எப்படி வந்ததுன்னு ஒரு கட்டம் வரும். பிறவின்னு போட்டுடு. அவ கைநாட்டு வெச்சிட்டா அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் அவளே ஒத்துக்கினதா ஆயிடும்."

ரெஜிஸ்டரில் கதவு என்று ஏற்கெனவே ஒரு பொய் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால், கதவு என்று எழுதியவன் யார் என்ற கேள்வி வரும்.

மறுநாள் கேன்டீன் மேஜையில் ஏஜெண்டும் நானும் உட்கார்ந்தோம். ஆதிகேசவன் ஜன்னலோரம் நின்றார். ரோசம்மாள் முறை வந்ததும் இரண்டு ரூபாயை மேஜையில் வைத்தாள், விரலை மட்டும் எடுக்கவில்லை.

"இதுக்கு இன்னா தருவாங்கோ?"

"உயிர் போனா ஐயாயிரம்மா" என்றார் ஏஜெண்டு. "கை, காலு, கண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அட்டவணை இருக்கு."

"கட்டைவெரலும் இந்த வெரலும் போனா?"

அவர் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "ஆயிரத்து எழுநூத்தம்பது" என்றார்.

"ரெண்டு ரூபா கட்டி மூணு நாள் ஊர் சுத்தறவளுக்கு அவ்ளோவா" என்றாள். "எட்டு வருசம் வேலை செஞ்சவளுக்கு எர்நூறு." ஆதிகேசவன் தொண்டையைக் கனைத்தார். அவள் ரூபாயை விட்டாள். "சரி, எழுது சார்."

பெயர், வயது, ஊர் எழுதினேன். ஊனம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். "கம்பெனியில, மூணாம் நம்பரு பிரஸ்ஸுல, தடுப்புக் கம்பி ஒடஞ்சி கெடந்து, அக்டோபர் மாசம் பதினாறாம் தேதி போச்சு. அப்டியே எழுது."

நான் 'பிறவி' என்று எழுதினேன்.

"படி சார்."

அவள் சொன்னதையே, தேதிகூடப் பிசகாமல், காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் படித்தேன். அவள் குனிந்து என் பேனா நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னது அம்மாம் நீளம். நீ எழுதினது குந்துமணி அளவுக்கு ஒண்ணே ஒண்ணு. படிக்கறப்ப மட்டும் எப்டி சார் நீண்டுச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன் காகிதத்தை உருவி ஏஜெண்டிடம் நீட்டினாள். அந்த ஆளுக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. "பிறவி" என்று சத்தமாகப் படித்தார். டம்ளர் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆதிகேசவன் முன்னே வந்தார். "சும்மா ஒரு வழக்கத்துக்குப் போடறதும்மா. கைநாட்டை வை, பஸ் ஏறு, மாதாவைப் பாரு. வேளாங்கண்ணி போணுமா வேணாமா?"

"போணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு சரியாயிற்று. "ஆனா எங்கம்மா என்னைப் பத்து வெரலோட பெத்துக்கிறா. செத்துப் போனவ மேல ஏன் பழி போடறீங்கோ? அன்னிக்கு ஊட்டுக் கதவுல நசுங்கிச்சின்னு எழுதினீங்கோ, அது கேன்டீன் வரைக்கும் வந்துச்சு. இன்னிக்கு பொறவின்றீங்கோ. ரெண்டும் இந்தக் கிளார்க்குதான எழுதிச்சு? இத்த அப்டியே வக்கீலாண்ட காட்றேன்."

கதவு என்றதும் ஆதிகேசவன் என் பக்கம் திரும்பினார். "யோவ், அந்தப் பேப்பரை வாங்குய்யா" என்றார்.

எழுந்தேன். காகிதம் அவளுடைய வலது கையில் இருந்தது. மிச்சமிருந்த மூன்று விரல்களை மடக்கி உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பெரிய இழுபறியாகப் போகும் என்று நினைத்துப் பலமாக இழுத்தேன். ஒன்றுமே இல்லை. லேசாக வந்துவிட்டது. வந்த வேகத்தில் நான் ஓரடி பின்னால் போய் பெஞ்சில் இடித்துக்கொண்டேன்.

"வெரலு இருந்தா உட்ருப்பனா" என்றாள் ரோசம்மாள்.

ஆதிகேசவன் அதை வாங்கி நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே அறுபது பேர் இருந்தார்கள். அதில் எழுதத் தெரிந்தவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். இன்னொரு ஃபாரம் கொடு, நான் எழுதுகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் இரண்டு ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் உட்கார்ந்தேன். அடுத்தவன் தேசப்பன். ஊனம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றான், இல்லை என்று எழுதினேன். அன்று மட்டும் முப்பத்தெட்டு ஃபாரம் எழுதினேன். எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. அந்தக் கோபத்தையும் அவள் மேல்தான் காட்டினேன். சனியன், வாயை மூடிக்கொண்டு கைநாட்டு வைத்துத் தொலைத்திருக்கலாமே என்று.

பஸ் போயிற்று, பத்திரமாகத் திரும்பி வந்தது. இன்ஷூரன்ஸ் எதற்கும் தேவைப்படவில்லை. அந்த மூன்று நாளில் அவள் திருவள்ளூர் போய் கேஸ் போட்டுவிட்டாள். ஆடியில் எனக்குச் சம்மன் வந்தது. அவள் தரப்பில் முதல் சாட்சியே நான். ஸ்டேஷனில் அவளை மறித்து, உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கத்தினேன்.

"நீதான ரெண்டு தபாவும் எழுதின" என்றாள். "உன்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

போனேன். பயந்துகொண்டுதான் போனேன். கூண்டில் ஏறினதும் அன்று அவளிடமிருந்து காகிதத்தை இழுத்த இழுப்புதான் கையில் இருந்தது. பிரஸ் என்றேன். கம்பி ஒடிந்திருந்தது என்றேன். ரெஜிஸ்டரில் எழுதியது பொய், ஃபாரத்தில் எழுதியதும் பொய், இரண்டும் என் கையெழுத்து என்றேன். கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டு தடவை பொய் எழுதியவன் மூன்றாவது தடவை சொல்வதை எதை வைத்து நம்புவது என்றார்.

பிரஸ் ஓட்டுகிறவர்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அந்த வாரமே எனக்கு வேலை போயிற்று. பொங்கல் கழித்து ரோசம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கேஸில் வந்த உத்தரவு. வக்கீல் சொன்னது அவளுக்குச் சரியாகப் புரியவில்லையாம்.

"இன்னா எழுதிக்கிறாங்கோ, படி."

படித்தேன். முதல் சாட்சி தாமே இருமுறை பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டிருப்பதாலும், வேறு ஆதாரம் ஏதும் இல்லாததாலும், அவருடைய வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இன்னொரு தடவை கேட்டாள். படித்தேன். அவள் என் பக்கத்தில் குனிந்து, வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இடது கை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீ படிச்சது எல்லாம் இதுல கீதா?"

"இருக்கு" என்றேன்.