பத்துப் பேருக்குப் பதினொரு சீட்டு

1. படுத்துக்கொண்ட கிராஃப்

பல்லாவரம் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில், ஆர் அண்ட் டி பிரிவில், என் ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம் இருந்தபோதுதான் என் முதல் ப்ராஜெக்ட் சொதப்பலானது எனக்குத் தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் என்ற நார்ச்சத்தைக் கலந்து ஒரு பிஸ்கட். பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு கிராம். இனுலின் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகும். அப்போது வாயு உண்டாகும். எவ்வளவு தாங்கும் என்பது வயிற்றுக்கு வயிறு மாறும். இதையெல்லாம் எழுதித்தான் எம்.எஸ்ஸி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

டிரையலுக்குக் கம்பெனியிலேயே பத்துப் பேர், என்னையும் சேர்த்து. தினம் ஒரு பாக்கெட், பத்து நாள். படிவத்தை நானே தயாரித்தேன். மேலே பெயர், எம்ப்ளாயி நம்பர், கையெழுத்து. கீழே ஐந்து கேள்விகள்: உப்புசம், வலி, இரைச்சல், வாயு பிரிதல், பேதி. தினமும் மாலையில் ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று, எழுதி முடிக்கும்வரை காத்திருந்து வாங்குவேன்.

ஐந்நூறு பதில்கள். ஐந்நூறும் 'இல்லை'. கிராஃப் போட்டால் கோடு அடியில் படுத்துக்கொண்டது.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஊர் வயிறுன்னா சும்மாவாம்மா? வெள்ளிக்கிழமை ரேப்பர் பிரிண்டுக்குப் போகுது. அதுக்குள்ள ரிப்போர்ட்ல சைன் பண்ணிடு. உன் கன்ஃபர்மேஷனையும் சேர்த்து அனுப்பிடறேன்."

2. வேனின் ஜன்னல்கள்

அன்று புதன்கிழமை. மாலை ஸ்டாஃப் வேன் தாம்பரம் நோக்கிக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. குரோம்பேட்டையில் டிராஃபிக்கில் நின்றோம். உள்ளே ஏழு பேர், ஏழு பேரும் என் டிரையலில் இருப்பவர்கள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. எல்லோரும் பேசாமல் நனைந்தார்கள்.

"அண்ணா, ஜன்னலை மூடச் சொல்லலாமே?" என்றேன் டிரைவர் குமாரிடம். அவரும் டிரையலில் ஒருவர்தான்.

"மூடுனா வூடு போய்ச் சேர மாட்டோம் மேடம்."

"ஏன்?"

"இன்னா மேடம் ஏன்னு கேக்குறீங்க! உங்க பிஸ்கட்டு துன்ன மூணாம் நாள்லேர்ந்து தொறந்துதானே கீது. கவனிக்கல?"

"அப்போ தினமும் 'இல்லை'ன்னு எழுதினீங்களே?"

"பேரு எழுது, கையெழுத்து போடுன்றீங்க. எதிர்ல வேற நின்னுகினு கீறீங்க. காத்து பிரியுதான்னா எவன் ஆமான்னு எழுதுவான்?"

பேக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா பின் சீட்டிலிருந்து சொன்னார்: "எங்களை விடும்மா. நீ என்ன எழுதின?"

வேனே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் எழுதியது ஐம்பது 'இல்லை'. நான்காம் நாளிலிருந்து மேனேஜர் கேபினுக்குள் போகாமல் கதவுக்கு வெளியே நின்றே பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

3. பிஸ்கட் டின்

அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால் வேலை உறுதி. ஆனால் கடையில் வாங்கிப் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு யார் ஜன்னல் திறப்பார்கள்? வியாழன் காலை கேபினுக்குள்ளேயே போய்ச் சொன்னேன்.

"சார், என் பதில்ல முக்கால்வாசி பொய். மத்தவங்களோடதும் அப்படித்தான்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். உருப்படியா ஒரு டேட்டா கொண்டா. இல்லன்னா ரேப்பர் போகாது. உன் லெட்டரும் போகாது."

காலி பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டு, கேன்டீனில் வைத்தேன். பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதி ஒட்டினேன். கேள்வி இரண்டுதான்: என்ன ஆச்சு? எவ்வளவு சாப்பிட்டிருந்தால் தாங்கியிருக்கும்?

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் டின்னைத் திறந்தேன். இரண்டு பேருக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. பலர் அரை பாக்கெட் என்றால் பரவாயில்லை என்றிருந்தார்கள். ஒருவர், முதல் நாளே முழுசாகத் தராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கலாமே என்று கேட்டிருந்தார். எம்.எஸ்ஸி. படித்தவள் நான். இன்னொரு சீட்டில், 'மாமியார் வேற ரூமுக்குப் போயிட்டாங்க. தயவுசெஞ்சு பிஸ்கட்டை நிறுத்தாதீங்க.'

கடைசிச் சீட்டு பச்சை மையில் இருந்தது. 'தினம் இரண்டு பாக்கெட் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் கோயில் படியில் எல்லோரையும் முன்னால் போகவிட்டு, கடைசியாக ஏறினேன்.'

"மொத்தம் பதினொரு சீட்டு சார்."

"பத்துப் பேர்தானேம்மா?"

"பதினொண்ணு இருக்கு சார்."

மேனேஜர் கையிலிருந்த பச்சைப் பேனாவை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பாதியா குறைச்சிடு. ரெண்டு பிஸ்கட்டுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும், தண்ணி நிறைய குடிக்கணும்னு ரேப்பர்ல போடு. பெரிய எழுத்துல."

அடுத்த வாரம் என் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. கையெழுத்து நீல மையில் இருந்தது.

அதன்பிறகு நான் நடத்திய எந்த டிரையலிலும் பெயர் கேட்டதில்லை, எதிரில் நின்றதில்லை. முதல் சீட்டை எல்லோரும் பார்க்க நானே எழுதி டின்னில் போட்டுவிடுவேன். அதில் 'இல்லை' என்று எழுத எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.