ஏழாவது ஆள்

சூப் கிண்ணம் கைக்கு வந்ததும் தோங் வெய்ஷானின் இரண்டு விரல்கள் உப்பு டப்பாவுக்குள் போகும். ருசி பார்ப்பதெல்லாம் அப்புறம். ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, விரல்களைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவர் மனைவி மா யூஃபென் இதைக் கவனித்துவிட்டாள். தன் சமையலில் உப்புக் குறைவு போலிருக்கிறது என்று மறுநாள் கொஞ்சம் கூடப் போட்டாள். அவர் அதன்மேலும் ஒரு சிட்டிகை தூவினார். இன்னும் கூட்டினாள். அதன்மேலும் தூவினார். பிறகு மாமனாரைப் பார்த்தாள்; அவரும் அப்படியே. வெய்ஷானின் அண்ணன் வெய்லினும் அப்படியே. மூன்று ஆண்கள், மூன்று கிண்ணங்கள், ஒரே தட்டல். அது ருசிக்காகப் போடுகிற உப்பு அல்ல, வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தாயிற்று என்று தங்களுக்கே சொல்லிக்கொள்கிற வழி என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் உப்பைக் கூட்டவில்லை.

மாமனார் ஐம்பத்தெட்டு வயதில் பன்றிக் கொட்டகையில் விழுந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் செயலிழந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஊட்டியது, புரட்டிப் போட்டது, துடைத்தது எல்லாம் யூஃபென்தான். பல வருடம் கழித்து வெய்லினுக்கும் அதே ஐம்பத்தெட்டு வந்தது. விளக்குத் திருநாள் ஊர்வலத்துக்காக, தெருவோர மதிலில் உட்கார்ந்து, உயரமாக நின்று ஆடுகிற மரக்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தார். வலது கால் வாரை இறுக்கினார். இடது கால் வாரைத் தொடவில்லை. அப்படியே பக்கத்தில் இருந்தவர் மடியில் சாய்ந்தார்.

வடகிழக்குச் சீனாவில், லியாவ்நிங் மாகாணத்தின் அந்த மலையடிவாரத்தில் மரக்கால் ஆட்டம் என்றால் தோங் சகோதரர்கள்தான். அண்ணன் போன பிறகு வெய்ஷான் தன் மரக்கால்களைக் கொண்டுபோய்க் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். அந்த முழங்காலோடுதான் மக்காச்சோள மூட்டையைச் சுமந்து ஏணி ஏறிக்கொண்டிருந்தார். அவர் வயதை எண்ணுகிறார் என்பது யூஃபெனுக்குத் தெரியும். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று.

ஊர் மருத்துவ நிலையத்தில் இருந்தவள் செங் யாஜுன். அதே ஊரில் பிறந்து, படித்து, டாக்டராகத் திரும்பி வந்த பெண். அவள் அளந்தபோது வெய்ஷானின் ரத்த அழுத்தம் நூற்றெழுபது. மாத்திரை கொடுத்தாள். அவர் தவறாமல் வாங்கிக்கொண்டு வந்தார், தவறாமல் பன்றித் தொட்டியில் போட்டார்.

"ஏன் கிழவா, பன்னிக்கு எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்த்தியா?" என்றாள் யூஃபென்.

"மாத்திரை நோயாளிக்கு. நான் நோயாளியா?"

"உங்கண்ணனும் இதையேதான் சொன்னாரு."

அவர் வெளியே போய்விட்டார். அன்றைக்கு இரண்டாம் முறை சூப் கேட்கவில்லை.

அந்த வசந்தத்தில்தான் மாகாணத் தலைநகர் ஷென்யாங்கிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும். பல ஊர்களை எடுத்து, பாதி ஊர்களுக்குப் புது உப்பு, மீதி ஊர்கள் வழக்கப்படி. பல வருடம் கழித்து எந்தப் பக்கம் எத்தனை பேர் பக்கவாதத்தில் விழுந்தார்கள் என்று பார்ப்பது அவர்கள் திட்டம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் சொன்னது. இவர்கள் ஊருக்கு உப்பு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஊருக்கு வரவில்லை.

மருத்துவ நிலைய முற்றத்தில் எல்லோரையும் உட்கார வைத்து செங் விளக்கினாள். "பார்க்க உப்பு மாதிரிதான் இருக்கும். உப்பேதான். நாலுல ஒரு பங்கு மட்டும் வேற உப்பு, பொட்டாசியம்னு பேரு. உருளைக்கிழங்குல எல்லாம் இருக்கிறதுதான்."

"அப்ப உருளைக்கிழங்கையே தின்னுட்டுப் போறோம். உப்பு எதுக்கு?" என்றாள் அடுத்த வீட்டு குவோ அக்கா. ஊரில் எந்தக் கூட்டத்திலும் முதல் வாய் அவளுடையது.

"உருளைக்கிழங்குக்கும் நீங்க ஒரு கை உப்பு போடுவீங்களே, அக்கா."

சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது என்றாள் செங். குவோ அக்காவின் வீட்டுக்காரர் அந்த வகை. "இலவசமா ஒண்ணு வந்தாலும் என் சிறுநீரகம் குறுக்க வந்து நிக்குது" என்று எழுந்து போனார்.

வெய்ஷான் ஊரோடு ஊராகக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, "அழுத்தம் பார்க்கட்டும், ரத்தம் எடுக்கட்டும். ஆனா என் டப்பால மட்டும் பழைய உப்பு" என்றார்.

யூஃபென் தலையாட்டினாள். அவர் விரலைப் பல வருடமாகப் பார்த்தவள் அவள். அந்தச் சிட்டிகையை யாராலும் நிறுத்த முடியாது. டப்பாவில் இருப்பதை மாற்றலாம். மறுநாள் காலை அவர் வயலுக்குப் போனதும் மாற்றிவிட்டாள். மதியம் அவர் தூவினார், தட்டினார், குடித்தார். அவள் முகத்தைத் திருப்பி அடுப்பைத் துடைத்தாள்.

சில மாதங்களில் சோதனை வந்தது. ஒரு முழு நாள் சிறுநீரையும் சிந்தாமல் ஒரே கேனில் பிடித்துத் தர வேண்டும். போகும் இடமெல்லாம் கேனும் கூடப் போக வேண்டும். சீட்டாடப் போன இடத்தில் வெய்ஷான் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"என்ன வெய்ஷான், எண்ணெய் வாங்கப் போறியா?" என்றார்கள்.

"விக்கப் போறேன். உனக்கு எவ்வளவு வேணும்?"

அக்கரைக்காரர்கள் சந்தையில் பார்த்தால், "வந்துட்டாங்கப்பா சோதனை எலிங்க" என்றார்கள்.

முடிவைப் பார்த்த செங்கின் முகம் வாடிவிட்டது. ஊரில் யாருக்குமே உடம்பில் பழைய உப்பு குறையவில்லை. வெய்ஷானின் அழுத்தமும் அசையவில்லை. ஷென்யாங்கிலிருந்து பேராசிரியரே புறப்பட்டு வந்தார். கோபக்காரர் இல்லை. வீடு வீடாகப் போய், "வேற உப்பு ஏதாவது சமையல்ல சேர்க்கறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. யூஃபெனும் இல்லை என்றாள். மனசுக்குள், அப்படியானால் இந்த உப்புக்கும் அவரைக் காப்பாற்றத் தெரியவில்லையா என்று கலங்கினாள்.

பேராசிரியருக்கும் செங்குக்கும் அன்று மதியச் சாப்பாடு யூஃபென் வீட்டில்தான். வெய்ஷான் வயலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. சோளக் கஞ்சி, புளித்த முட்டைக்கோஸ் போட்ட பன்றிக்கறி, பச்சை வெங்காயத்தாள், நடுவில் ஒரு கிண்ணம் சோயா விழுது. அந்த ஊரில் விழுது இல்லாத வேளை கிடையாது. வெங்காயத்தாளை அதில் அழுத்தித் தோய்த்துக் கடிப்பார்கள். பேராசிரியரும் தோய்த்தார். கடித்தார். உடனே தண்ணீரைத் தேடினார்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் மரியாதைக்கு. "இதுலயும் புது உப்புதானே?"

"இது சாடியில இருக்கிறதுங்க" என்றாள் யூஃபென். "சாடிக்குக் கல்லுப்புதான்."

சொல்லும்போதே அவளுக்குக் கை நின்றுவிட்டது. எதிரே செங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்திருந்தாள்.

"எங்க வீட்டுச் சாடியிலயும் அதுதான், ஐயா" என்றாள் செங். "போன மாசம் நானே மூட்டை தூக்கிட்டு வந்து கொட்டினேன். அது உப்புன்னு எனக்கே தோணலை."

அந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றும்? சமையலுக்குப் போடுவது உப்பு. சாடிக்குப் போடுவது சாடியுடையது. முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் சாடிகள் நின்றன. ஒன்றில் முட்டைக்கோஸ், ஒன்றில் விழுது. ஊரின் உப்பில் பெரும்பகுதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் எழுந்து போய்ச் சாடியைச் சுற்றி வந்தார். பிறகு சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட யூஃபெனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாடிக்கும் புது உப்பு தருகிறோம் என்றார் பேராசிரியர். அவர் சொல்லிவிட்டுப் போனார். வெய்ஷானிடம் சொல்ல வேண்டியவள் யூஃபென்.

ஏனென்றால் டப்பா அவள் கையில் இருந்தது. சாடி அவர் கையில். அடுத்த வசந்தத்தில் நாலாம் மாதம் வந்ததும், குளிர்காலத்தில் காயவைத்த சோயாக் கட்டிகளை உடைத்து, உப்புக் கரைத்து ஊற்றி, சிவப்புத் துணி கட்டி, தினமும் மரத் துடுப்பால் அடிப்பது அவர் வேலை. அவர் அப்பா செய்த வேலை. விழுது புளித்துக் கெட்டால் அந்த வீட்டில் ஒருவர் விழுவார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. இதில் திருட்டுத்தனம் நடக்காது. உப்பைக் கரைக்கிற நாளன்று அவள் புது உப்பு மூட்டையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சாடிக்கு."

"சாடியைத் தொடாத."

"உன் டப்பாவை எப்பவோ தொட்டாச்சு. ஒரு வருஷமா நீ தூவுறது இதுதான்."

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அப்ப இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்க."

"ஆமா."

"சாடி கெட்டுப்போச்சுன்னா?"

"சாடி கெட்டா நான் ஒருத்தியே தூக்கி ஊத்திடுவேன். நீ விழுந்தா என்னால தூக்க முடியாது. உங்கப்பாவைத் தூக்கினப்ப எனக்கு வயசு இருந்துச்சு."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. கொட்டகைப் பக்கம் பார்த்தார். மரக்கால்கள் அங்கே தொங்கின.

"ரெண்டு சாடி வைப்போம்" என்றார் கடைசியில். "ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. அந்தப் பேராசிரியர் ஊரை வச்சுப் பண்றாரு, நான் சாடியை வச்சுப் பண்றேன். எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

ஒரு மாதம் இரண்டையும் ஒரே மாதிரி அடித்தார். ஒன்றுக்கு அதிகமாக அடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மற்றதற்குத் திரும்பப் போவார். துணி அவிழ்க்கும் நாளில் முற்றம் நிறைந்துவிட்டது. குவோ அக்கா தன் கழுத்துத் துணியால் அவர் கண்ணைக் கட்டினாள்.

"அக்கா, துணியில பூண்டு நாத்தம். ருசி எப்படித் தெரியும்?"

"சாக்கு இப்பவே ரெடியா? வாயைத் திற."

முதல் வெங்காயத்தாள். மென்றார். இரண்டாவது. மென்றார். திரும்ப முதலாவதைக் கேட்டார்.

"ரெண்டாவது புதுசு" என்றார். "முடிவுல நாக்கு ஓரத்துல ஒரு துளி கசப்பு நிக்குது."

சரியாகச் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். இனி புதுச் சாடியைத் தொடவே மாட்டார் என்று யூஃபென் நினைத்தாள். அவர் கண்கட்டை அவிழ்த்து, முகமெல்லாம் சிரிப்பாக ஊரைப் பார்த்தார். "தோங் வீட்டு நாக்கை ஏமாத்த முடியாது. கிழவிகூட டப்பாவைத்தான் ஏமாத்தினா." பிறகு இரண்டாவது சாடிக்குள் குனிந்து முகர்ந்தார். "கெடலை. வாசனை நல்லாவே இருக்கு."

"அப்ப எதை எடுக்கட்டும்?" என்றாள் யூஃபென்.

"இதைத்தான். நான் கண்டுபிடிச்ச சாடி."

அந்தப் பழைய சாடி கோடையிலேயே காலியாகிப் பன்றித் தீவனம் வைக்கப் போயிற்று. அடுத்த வருடம் ஊரில் எந்த முற்றத்திலும் கல்லுப்பு மூட்டை இறங்கவில்லை. குவோ அக்கா மட்டும் வீட்டுக்காரருக்காகத் தனியாக உப்பே இல்லாத சமையலுக்குப் பழகிக்கொண்டாள். அடுத்த கேன் சோதனையில் உடம்பில் உப்பு இறங்கியிருந்தது. வெய்ஷானின் நூற்றெழுபது, நூற்று ஐம்பத்தைந்துக்கு வந்தது. சீட்டாடும் இடத்தில் அந்த எண்ணைச் சொல்லிப் பெருமையடித்தார். ஒருவர் தனக்கு நூற்று நாற்பது என்று சொன்னதும் நேராக செங்கிடம் போய், "மாத்திரையும் சேர்த்தா எவ்வளவு இறங்கும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து பன்றிக்கு மாத்திரை கிடைக்கவில்லை.

ஐம்பத்தெட்டு வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் கொட்டகையில் கொஞ்சம் நேரம் கழித்தாலும் யூஃபென் ஏதாவது சாக்கில் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன?" என்பார்.

"கோழி வந்துச்சான்னு பார்த்தேன்."

"இன்னைக்கு நாலாவது தடவை வந்துட்டுப் போச்சு உன் கோழி."

அந்த இலையுதிர் காலத்தில் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. பழைய முற்றத்திலேயே செங் சொன்னாள். "பழைய உப்பு ஊர்கள்ல ஏழு பேர் விழுந்த கணக்குக்கு, நம்ம மாதிரி ஊர்கள்ல ஆறு பேர்தான் விழுந்திருக்காங்க. எல்லா ஊரையும் சேர்த்துப் பார்த்தா விழாம தப்பிச்சவங்க ரொம்பப் பேர்."

"அந்த ஏழாவது ஆள் யாரு?" என்றாள் குவோ அக்கா.

"அது யாருக்கும் தெரியாது, அக்கா. யாருக்குமே தெரியாது. யாரா வேணா இருக்கலாம்."

இதைவிட நல்ல பதில் அந்த ஊருக்குக் கிடைத்திருக்காது. மறுநாளே ஊரில் அத்தனை பேரும் ஏழாவது ஆளாகிவிட்டார்கள். கடையில் வரிசையை மீறினால், "நான் ஏழாவது ஆள், வழி விடு." சீட்டில் தோற்றால், "ஏழாவது ஆளையே தோற்கடிக்கிறியா?" அக்கரை ஊருக்கும் உப்பு போயிற்று. எலி என்று கேலி செய்தவர்கள் படகில் வந்து விழுது சாடிக்கு அளவு கேட்டுப் போனார்கள்.

வெய்ஷானின் ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாள் பனி விழுந்த நாளில் வந்தது. நீண்ட ஆயுளுக்கென்று யூஃபென் செய்த நீள நூடுல்ஸைக் கடித்து அறுக்காமல் உறிஞ்சி முடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். வெகுநேரமாயிற்று. யூஃபென் எட்டிப் பார்த்தாள். மரக்கால் வாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கோழி இங்க இல்ல" என்றார் தலை நிமிராமல்.

விளக்குத் திருநாளன்று மேளமும் ஊதுகுழலும் தெருமுனையில் கேட்டன. அண்ணன் சாய்ந்த அதே மதிலில் வெய்ஷான் உட்கார்ந்தார். வலது கால் வாரை இறுக்கினார். பிறகு கை நின்றது. யூஃபென் கூட்டத்திலிருந்து வந்து அவர் முன்னால் மண்டியிட்டு இடது கால் வாரைத் தானே இறுக்கிக் கட்டினாள். அவர் அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.

எழுந்ததும் கூரைகளுக்குச் சமமாக நின்றார். சிவப்புச் சட்டை, முகத்தில் சாயம், கையில் விசிறி. முதல் சில அடிகள் தடுமாறின. பிறகு மேளத்தோடு கால் சேர்ந்துகொண்டது. குவோ அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்: "வழி விடுங்க, ஏழாவது ஆள் வர்றாரு." தெரு முழுக்கத் திருப்பிக் கத்தியது. அக்கரைக்காரர்களும் கத்தினார்கள். வெய்ஷான் சந்தையின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணன் முடிக்கும் விதத்தில் ஒரு காலை உயரத் தூக்கி நின்றார். கீழே யூஃபென் கைதட்டவில்லை. அவள் கைகள் இரண்டும் வாயைப் பொத்தியிருந்தன.

இப்போது வெய்ஷானுக்கு அறுபத்து மூன்று. மாத்திரை சாப்பிடுகிறார். வருடத்துக்கு ஒருமுறை மரக்கால் கட்டுகிறார். இடது வாரை யூஃபென் கட்டுகிறாள். புது உப்பு ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. சூப் வந்ததும் ருசி பார்க்காமலேயே இரண்டு விரலை டப்பாவில் விடுகிறார். அவள் டப்பாவை அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே வைக்கிறாள்.