எழுதாமல் விட்ட அதிசயம்

அப்போது ஒரு வார இதழில் உலக விநோதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இரட்டைத் தலைப் பாம்பு, மழையாகக் கொட்டிய மீன் என்று இன்டர்நெட்டில் சிக்குவதுதான் சரக்கு.

2008 மாசி மகத்தன்று, சிதம்பரம் பக்கம் ஒரு கடலோர ஊரில் பஸ் நின்றுவிட்டது. தீர்த்தவாரிக்காக ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊர் முஸ்லிம்கள் தட்டோடு வந்து வரவேற்றார்கள். பெருமாளின் மாலை தர்காவுக்குப் போனது. எனக்குக் கை பரபரத்தது.

தட்டு ஏந்தி நின்றவரிடம், "பெரிய அதிசயம் பாய்! பத்திரிகையில எழுதட்டுமா?" என்றேன்.

"வருஷா வருஷம் வர்றாரு. இதுல என்ன சார் அதிசயம்?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதாதீங்க சார். அதிசயம்னு நாலு பேரு வந்து பாத்தா, அப்புறம் எங்களுக்கும் அப்படித்தான் தெரியும்."

அந்த வாரம் பாம்பையே போட்டேன். இப்போதுகூட ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.