ஹெல்மெட் கழற்றாதவர்

இண்டூரில் என் வீட்டுக்கு இன்டர்நெட் ஒயர் இழுக்க வந்தவர், வேலை முடியும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு பேசினார்.

கம்பெனியின் கிளவுட் சர்வருக்குள் போக எங்கள் டீமில் நாலு பேரின் லேப்டாப்பிலும் ஒரே விபிஎன் சாவிதான், பாஸ்வேர்டு மாதிரி, என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஒருத்தர் லேப்டாப் தொலஞ்சா அந்தச் சாவிய ரத்து பண்ணணும், நாலு பேரும் வெளியதான் நிக்கணுங்க. ஆளுக்கொரு சாவி வெச்சுக்கங்க" என்றார்.

ஒயர் இழுக்கிறவர் சொல்லி நான் கேட்பதா என்று ரோஷம் வந்தது. ஆனாலும் அன்று மாலையே மாற்றினேன்.

போன வாரம் பொம்மிடியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, லேப்டாப் பை ரயிலோடு போய்விட்டது. பதறிப்போய் ஆபீசுக்கு போன் செய்தேன். என் சாவியை மட்டும் ரத்து செய்தார்கள். மற்ற மூவரின் வேலையும் நிற்கவில்லை. போன உயிர் திரும்பியது.

நன்றி சொல்லலாமென்றால் முகம் தெரியாது. ரோட்டில் ஹெல்மெட்டோடு வருகிற எல்லோருக்கும் கை தூக்குகிறேன். நேற்று ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்க போவணுங்க?" என்றார்.