தகர வில்லைக்குக் குனியாத அந்தோணிசாமி

அந்தோணிசாமி அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நாங்கள் ரங்கூன் அரிசி சுமந்துகொண்டிருந்தோம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் கூட்டும் வேலை செய்யும் மரியம்மா அக்கா நேரே சரக்குக் கிட்டங்கி வாசலுக்கு வந்து, "அண்ணன் காலையில போயிட்டாருப்பா" என்றார். முதுகிலிருந்த மூட்டைகளை இறக்கினோம். அன்று மறுபடி யாரும் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே கங்காணி அறிவித்துவிட்டார். சங்கம் வைத்தவன் போய்விட்டானாம், திங்கட்கிழமையிலிருந்து மீண்டும் வில்லை வீசப்படுமாம். அதனால்தான் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். முன்பெல்லாம் காலையில் கங்காணி படியில் நின்று தகர வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார். வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை. ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு பொறுக்குவோம். துரைமார் மாடியில் நின்று சிரிப்பார்கள். அண்ணனுக்கு இது அறவே ஆகாது. "கோழிக்குத்தான் வீசிப் போடுவாங்க. நமக்குப் பேர் இருக்குலா, கூப்பிடட்டும்" என்பார்.

மேடைப் பேச்சு அவருக்கு வரவே வராது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களிடம் ஆதரவு கேட்கப் போனவர், கூட்டத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்து, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அதைச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம். ஆனால் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்துப் பேசினால் அவரை மறுக்க முடியாது. சங்கம் அப்படித்தான் சேர்ந்தது.

ஒருநாள் யாருமே குனிவதில்லை என்று முடிவு செய்தோம். வில்லைகள் சேற்றில் விழுந்தன. "எடுங்கடா" என்றார் கங்காணி. ஒரே ஒருவன் குனிந்தான். அது நான்தான். வீட்டில் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள் என்று காரணம் சொல்லலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வில்லையோடு கிட்டங்கிக்குள் போன பிறகுதான் என் மடத்தனம் புரிந்தது. அரிசி மூட்டையை ஒருவன் முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். உள்ளே நானும் மூட்டைகளும் மட்டுமே இருந்தோம்.

வெளியே வந்து அண்ணன் முன்னால் நின்றேன். "அடிச்சிருங்கண்ணே" என்றேன்.

"உன்ன அடிச்சா கங்காணிக்குத்தான் சந்தோஷம். எம்பக்கத்துல வந்து நில்லு" என்றார். மற்றவர்கள் முறைத்தார்கள். "இவன விட்டா நம்ம வரிசையில ஓட்டை விழும்லா" என்று அவர்களையும் அடக்கினார்.

வில்லையைக் கங்காணி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வரிசையில் நின்றேன். மதியம்வரை கப்பல் காத்துக் கிடந்தது. பிறகு துரை இறங்கிவந்து கத்த, கங்காணி எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். அண்ணன் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. நாங்கள் நகராமல் நின்றோம். "உங்களக் கூப்பிட்டாச்சுல்ல, போங்க. இதுக்குத்தானே நின்னோம்" என்று அவரே எங்களை உள்ளே அனுப்பினார். அதன்பிறகு துறைமுகத்தில் அவருக்கு வேலையே கொடுக்கவில்லை. கடைசிவரை கிள்ளான் பாசார்ச் சந்தையில் கூடை சுமந்துதான் பிழைத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்த வரிசையில் அவர் எனக்குக் கொடுத்த இடம்தான். திங்கட்கிழமை அங்கேதான் நிற்பேன். வில்லைகள் விழட்டும். நம்மில் யாராவது குனிந்தால் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.