கட்டிலுக்கு அடியில் ஒரு நெல் மூட்டை

புது நெல்லுக்கு ஒரு சூடான வாசம் உண்டு. வெயிலும் வைக்கோல் தூசியும் கலந்து தொண்டையில் போய் உட்காரும் அந்த வாசம் ஊருக்கெல்லாம் பிடிக்கும். ஒன்பது வயதில் நான் மட்டும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, அதற்குப் பயந்து படுத்திருந்தேன். அது என் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

அப்போது நாங்கள் வில்கமுவப் பக்கம், காட்டோரத்தில் ஓர் ஒற்றை அறை மண்சுவர் வீட்டில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு வந்த அப்பா, சிங்கள முதலாளி ஒருவரின் வயலில் வேலை செய்தார். கூலியில் ஒரு பங்கு நெல்லாகக் கிடைக்கும். நெல் வாசத்துக்கு யானை வீட்டையே இடிக்கும் என்பதால், அதை முதலாளி வீட்டிலேயே விட்டுவைத்து, அன்றன்றைக்கு வேண்டிய அரிசியை மட்டும் அப்பா கொண்டுவருவார். விதைக்காத, அறுக்காத பறவைகளுக்கும் ஆண்டவர் சாப்பாடு போடுகிறார் என்ற பகுதியை வேதத்திலிருந்து வாசித்துவிட்டு, "நாளைக்கு உள்ளத நாளைக்கு குடுப்பாரு புள்ள" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அன்றைய அரிசியை இன்னொரு முறை அளந்து பார்ப்பார்.

அந்த வருடம், முதலாளி வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று பேச்சு எழுந்தது. அப்பா வயல் காவல் பரணுக்குப் போயிருந்த ஒரு நாள், அம்மா ஒரு மூட்டை நெல்லைக் கேட்டு வாங்கிவந்து, என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய சேலைகளைப் போட்டு மூடினார்.

"அப்பாகிட்ட சொல்லாத. சோறில்லாம எனக்குப் பால் வத்திப்போனா தம்பிய எப்படி வளப்பேன்?"

வனாந்தரத்தில் ஆண்டவர் அன்றன்றைக்குக் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை மறுநாளைக்கென்று எடுத்துவைத்ததில் புழு பிடித்த கதையை அப்பா சொல்லிக் கேட்டிருந்தேன். அதனால் அம்மா வெளியே போகும்போதெல்லாம் சேலையை விலக்கி, புழு இருக்கிறதா என்று பார்ப்பேன். யானையைவிட ஆண்டவருக்குத்தான் அதிகம் பயந்தேன். இரண்டு பேரும் ஒன்றாகவே வருவார்கள் என்றுகூட நினைத்தேன்.

ஒரு விடியற்காலை அப்பா இன்னும் பரணிலிருந்து திரும்பவில்லை. அம்மா வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டுச் சுவர் மூச்சு விடுவதுபோல ஒருமுறை உள்ளே வந்து போனது. அடுத்த கணம் மண் கொட்டி, அந்த ஓட்டை வழியாக ஈரத் தும்பிக்கை நுழைந்து என் காலைத் தடவியது. அம்மா ஓடிவந்து தம்பியை இடுப்பில் அள்ளி, என்னைத் தலைமுடியோடு பிடித்து இழுத்துக்கொண்டு வாய்க்கால் பள்ளத்தில் விழுந்தார். "அலியா! அலியா!" என்று பக்கத்து வீட்டு லீலா அக்கா சிங்களத்தில் கத்த, எங்கோ யானை வெடி போட்டார்கள். அது அவசரப்படவே இல்லை. மூட்டையை வெளியே இழுத்து, தின்று முடித்துத்தான் போனது.

அப்பா ஓடிவந்தபோது முற்றத்தில் சிந்திய நெல்லும் சேலைகளும் கிடந்தன. அவர் திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாதான் முந்திக்கொண்டார்.

"காக்கா குருவிக்குக் குடுக்கிறவரு, யானைக்கு நம்ம வீட்டுலருந்தா எடுத்துக் குடுக்கணும்?"

அப்பா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவரு அனுப்பல புள்ள. அதுக்குப் பசி, வந்திருச்சி" என்றார். பிறகு, தலையைத் தூக்காமலே, "எனக்கும் பயந்தான். பயத்துல வேற எங்க போறதுன்னு தெரியாமத்தான் அவருகிட்ட போறேன்" என்றார். அப்பாவுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. யானை வந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

சாயங்காலம் லீலா அக்கா ஒரு சட்டி சோறும் பூசணிக் கறியும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஜெபம் எதுவும் அறியாதவர் அவர். "கண்ட, கண்ட" என்று சாப்பிடச் சொன்னார். அப்பா ஜெபிக்கத் தொடங்கினார். அன்றைய ஆகாரத்தைக் கேட்கும் இடத்தில் குரல் நின்றுபோனது. மீதியை அம்மா சொல்லி முடித்தார். வயல் குத்தகைக்குப் போனபின் நாங்கள் உக்குவளைக்குக் குடிவரும்வரை, ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஏதோ ஒன்று வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு நாளும் பயந்தோம், ஒவ்வொரு நாளும் சாப்பிட்டோம்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் மின்வேலி ஓடுகிறது. லீலா அக்கா குடும்பம் எங்கே என்று தெரியவில்லை. அப்பாவும் இல்லை. உக்குவளையில் என் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது சுவர் இலேசாக அதிரும்; அம்மா, பக்கத்திலிருக்கும் என் மகனின் கையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். அவன் அதைப் பாசம் என்று நினைத்து, மற்றக் கையையும் கொடுக்கிறான்.