சினிமாப் பாட்டு கிடையாது

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சாக்கோட்டைக்குப் போகும் சாலையிலிருந்து வயலுக்குள் இறங்கி வரப்பில் நடந்தால் பம்புசெட்டு அறை. ஜன்னல் இல்லாத நான்கு சுவர், மேலே ஓடு, உள்ளே மோட்டாரும் உரமூட்டைகளும். அறுபதுகளின் கடைசியில் எங்கள் ராக் இசைக்குழு அங்கேதான் தொடங்கியது. சென்னைக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். அன்று சென்னையில் கிட்டாரும் கையுமாக அலைந்தவர்களில் பலர் கல்யாணமானதும் அதைப் பரணில் போட்டுவிட்டார்கள். நாங்கள் போடவில்லை.

என் அண்ணன் அப்போது காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். சிற்றலை வானொலியில் வரும் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்திருந்தது. பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வீட்டில் மின்சாரக் கிட்டார் ஒன்று சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அவரை விடாமல் நச்சரித்து வாங்கி வந்துவிட்டான். அவனுடைய நண்பர் ஒருவர் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். பழைய ரேடியோ வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டியவர் அவர்தான். கல்யாண ஊர்வல பேண்டுக்காரர்கள் கழித்துப்போட்ட டிரம்மைப் படுக்க வைத்து, காலால் மிதித்து அடிக்கும்படி செய்துகொண்டவரும் அவர்தான். கடைசிவரை எங்கள் டிரம்மர் அவரே.

மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஆம்ப்ளிஃபயர் முனகும். அதனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்த பிறகுதான் பயிற்சி. நான் பி.யு.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். காபி கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே நின்று கேட்பேன்.

அடித்தொண்டையில் உறுமும் பேஸ் கிட்டார் ஒன்றும் இருந்தது. காரைக்குடித் தச்சர் ஒருவர் பலாப்பலகையில் அறுத்துக் கொடுத்தது, தடித்த நாலு தந்தி. அதை வாசித்த இன்னொரு நண்பருக்கு வங்கி வேலை கிடைத்து, திருச்சிக்குப் போய்விட்டார். கிட்டார் உரமூட்டைமேல் கிடந்தது. நான் எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"வையி கீழே" என்றான் அண்ணன். "பொம்பளைப் புள்ள தூக்குற கனமா அது?"

"தண்ணிக் குடத்தை விடவாண்ணே கனம்?"

டிரம்மர் சிரித்துவிட்டார். "தங்கச்சி வாசிக்கட்டும்டா. நின்னு கேக்குறப்பவே கால் தாளம் தப்பாது அதுக்கு."

விரல் நுனிகள் வெடித்து, காய்த்து, மரத்துப்போயின. விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "வயசுப்புள்ள தோள்ல எதையோ மாட்டிக்கிட்டு நிக்குது. ஊரு என்ன பேசும்?"

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நான் உங்க கூட வயல்ல எறங்கி நாத்து நட்டப்பவும் ஊரு பேசுச்சு. அப்ப நீங்க என்ன சொன்னீக? 'பேசுறவன் வந்து நட்டுக் குடுப்பானா'ன்னு கேட்டீக. இப்பவும் அதையே சொல்லுங்க."

அப்பா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

முதலில் நாங்களும் எல்லாரையும் போலச் சினிமாப் பாட்டுகளைத்தான் வாசித்தோம். ஆனால் அதற்கென்றே ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு இருந்தது. எங்கள் சொந்தப் பாட்டு பிறந்ததற்குக் காரணம் என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம். சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணுக்குப் பாட்டு வருமா?"

"வரும்" என்றாள் அம்மா, பட்டென்று.

அதற்குள் வீட்டுக்கும் மின்சாரம் வந்திருந்தது. நான் உள்ளே போய் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்தேன். அண்ணன் மறுபேச்சில்லாமல் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தான். நான் தந்தியைச் சுண்டியதும் தட்டிலிருந்த டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னத்தா இது, ஈனப்போற எருமை கணக்கா?"

"பாட்டு வருமான்னு கேட்டீக. எனக்கு இதுதான் வரும்" என்றேன்.

அவர்கள் காபியைக் குடிக்காமலே போனார்கள். அப்பா என்னிடம் பல நாள் பேசவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வருத்தத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபத்தில் எழுதினேன்: "பாட்டு வருமான்னு கேட்டீக, கேட்ட பெறகு ஏன் எந்திரிச்சீக?" பம்புசெட்டு அறையில் அதைப் பாடிக் காட்டினேன். அண்ணன் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தான். "இனிமே சினிமாப் பாட்டு வேணாம்" என்றான். "நம்ம பேச்சு, நம்ம பாட்டு. கேட்டா கேக்கட்டும், கேக்காட்டிப் போகட்டும்."

அதற்குப் பிறகு மளமளவென்று பாட்டுகள் வந்தன. வராத பேருந்துக்குக் காத்திருப்பது பற்றி ஒன்று. பூட்டிக் கிடக்கும் அரண்மனை போன்ற வீடுகளில் வாசல் பெருக்க மட்டும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது பற்றி ஒன்று. கண்மாயில் தண்ணீர் இல்லாத வருடம் பற்றி ஒன்று. எல்லாமே எங்கள் வீட்டில் பேசுகிற தமிழில்.

முதல் மேடை பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருவிழா. அண்ணன் தங்கை சேர்ந்து வாசிக்கிறார்கள், குடும்பத்துப் பிள்ளைகள் என்று நம்பிக் கூப்பிட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் மேடையேறினோம். நான் கிட்டாரோடு நின்றதைப் பார்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் விழாக் குழுத் தலைவர் மேடைக்கு வந்தார்.

"என்னப்பா பாடுறீக? ஒண்ணுகூடப் படத்துல வந்த பாட்டா இல்லையே? சனம் கேக்குதுல்ல?"

"எங்க பாட்டுதான் பாடுவோம்னு வந்தப்பவே சொன்னோமேய்யா" என்றான் அண்ணன்.

"அப்பச் சும்மா சொல்றீகன்னு நெனச்சோம். பாடுறதுன்னா சினிமாப் பாட்டுப் பாடுங்க. இல்லாட்டி அந்தப் புள்ளைய இறக்கிவிட்டுட்டு நீங்க ரெண்டு பேரு மட்டும் என்னத்தையாச்சும் வாசிங்க. பொம்பளைப் புள்ள அதை மாட்டிக்கிட்டு நிக்கிறது பார்க்கச் சகிக்கலை."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் இறங்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். "மூணு பேரும் நிப்போம். இல்லாட்டி மூணு பேரும் போவோம்" என்றான். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. அடுத்த பாட்டைத் தொடங்கினான்.

தலைவர் இறங்கிப்போய் மைக் செட்டுக்காரரிடம் கையை ஆட்டினார். மேடைக்கு வந்த மின்சாரம் போனது. மைக் செத்தது, இரண்டு கிட்டாரும் கட்டைபோல ஆயின. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒன்று மட்டும் நிற்கவில்லை. டிரம்ஸ். அதற்கு மின்சாரம் எதற்கு? எங்கள் டிரம்மர் தலையை நிமிர்த்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். நான் கிட்டாரைக் கழற்றாமல் மேடை விளிம்புக்கு வந்து, தொண்டை கிழியப் பாடினேன். "பாட்டு வருமான்னு கேட்டீக..." முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். அடுத்த முறை அந்த அடி வந்தபோது அவர்களும் சேர்ந்து பாடினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தானே எல்லாரும். கை தட்டல் மேடையிலிருந்து கடைசி வரிசைவரை பரவியது. பாட்டு முடிந்த பிறகுதான் இறங்கினோம்.

அதோடு கோயில் வாசல்கள் எங்களுக்கு மூடிக்கொண்டன. வரச் சொன்ன கல்யாண வீடுகளும் வேண்டாம் என்று ஆள் விட்டன. டிரம்மரை அவருடைய முதலாளி கூப்பிட்டு, ரேடியோவைப் பார்க்கிறாயா, கூத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டார். இவர், கடை நேரத்தில் ரேடியோ, மற்ற நேரத்தில் கூத்து என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். காரைக்குடியில் சந்தை நாளில், ஆட்கள் கூடும் பொட்டலில், ஒரு சோடாக் கடையிலிருந்து மின்சாரம் எடுத்து வாசித்தோம். "சினிமாப் பாட்டு கிடையாது" என்று அட்டையில் எழுதி டிரம்ஸ் முன்னால் சாய்த்து வைத்தேன். கேட்கப் போகிறவர்கள் தெரிந்தே நிற்கட்டும் என்றுதான். காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றவர்கள் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். அவர்கள்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் அவர்கள் கல்லூரி விழா, பிறகு தேவகோட்டை, சிவகங்கை, மதுரை. எழுபதுகள் பிறந்தபோது எங்கள் பாட்டுகளை மேடைக்குக் கீழிருந்து பெயர் சொல்லிக் கேட்டார்கள். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் அம்மா, ஒரு நகரத்தார் வீட்டு ஆச்சி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பூட்டிய வீடுகளைப் பற்றிய பாட்டு வந்தபோது பஞ்சை எடுத்துவிட்டார்.

பேர் பரவியதும் சென்னையில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ரயிலேறிப் போனோம். குளிரூட்டிய அறையில் இருந்த அதிகாரி எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தொடங்கினார்.

"கேட்டீக, வந்தீக எல்லாம் வேண்டாம். அது கிராமத்து பாஷை. கேட்டீங்க, வந்தீங்கன்னு மாத்திக்கலாம். இந்தப் பொண்ணு பாடட்டும், புடவை கட்டி, மைக் முன்னாடி. அந்த பேஸ் கிட்டாரை எங்க ஆள் வாசிப்பார். டிரம்ஸுக்கும் எங்ககிட்டயே ஆள் உண்டு."

"அப்ப எங்க மூணு பேரையும் எதுக்குக் கூப்புட்டீக?" என்று கேட்டேன்.

"ஏம்மா, ஒரு வாய்ப்பு குடுத்தா..."

டிரம்மர் அதற்குள் தன் குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே வந்தோம். ஊருக்கு ரயிலேறினோம். இசைத்தட்டில் பேர் வந்தால் அப்பா பார்ப்பார் என்ற ஆசை எனக்கு இருந்தது. விருத்தாசலம் தாண்டியதும் அண்ணன், "கேட்டீங்க" என்று அந்த அதிகாரியைப் போலவே மூக்கால் பாடிக் காட்டினான். மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

எங்களுக்கு இசைத்தட்டு வரவே இல்லை. அது எங்களை நிறுத்தவும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு முன்னால் அதை வைத்துப் பதிவு செய்தார்கள். அது பிரதி மேல் பிரதியாகக் கடல் கடந்து போனது. ஒருமுறை மலேசியாவிலிருந்து வந்த பெண் என் பாட்டை எனக்கே பாடிக் காட்டி, இதை யார் பாடியது தெரியுமா என்று கேட்டாள்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமும் ஆனது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். பார்க்க வந்த அன்றே, வாசிப்பதை விடமாட்டேன் என்று சொன்னேன். "விடச் சொல்லி யாரு கேட்டா?" என்றார். நிறைமாத வயிற்றின் மேல் கிட்டாரைச் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்பத்தூரில் வாசித்திருக்கிறேன். மகள் உள்ளிருந்து உதைத்தாள்.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் போய்விட்டான். சிங்கப்பூரில் வேலை. கிட்டாரையும் எடுத்துக்கொண்டு, "நம்ம ஆடுனது போதும், குழுவைக் கலைச்சுருவோம்" என்றான்.

"நீ போண்ணே. கலைக்கிறதுக்கு இது உன் வீட்டுக் கொட்டகை இல்ல" என்றேன். அவன் முகம் சுருங்கியது. டிரம்மரோ அன்று மாலை வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார்.

மாதக்கணக்கில் இரண்டு பேராகவே வாசித்தோம். அண்ணனின் கிட்டார் இல்லாத இடம் பல்லுப்போன வாயைப் போல இருந்தது. கேலி செய்தார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்ட மேடை ஒன்றையும் விடவில்லை. பிறகு காரைக்குடிக் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவள். எங்கள் பாட்டு எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அண்ணன் வாசித்ததை அப்படியே வாசிக்கச் சொன்னேன். "அப்படி வாசிக்க மாட்டேன்க்கா. எனக்குத் தோணுறபடி வாசிப்பேன்" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளைச் சேர்த்துக்கொண்டேன். அவள் வாசிப்பு அண்ணனுடையதைவிட வேகம், முரட்டுத்தனம். பழைய பாட்டுகள் புதிதாகக் கேட்டன. கூட்டம் முன்னைவிடப் பெரிதானது.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டான். யாரிடமும் சொல்லாமல் தேவகோட்டையில் எங்கள் மேடைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறான். முடிந்ததும் பின்பக்கம் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "நல்லா வாசிக்கிற, ஆத்தா" என்றான். என் பக்கம் திரும்பி, "எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. ஆனா முன்னாடி நிக்கிறது அவதான். நீ பக்கத்துல நின்னு அவளுக்குத் துணையா ரிதம் வாசிக்கணும். சம்மதமா?"

இந்தக் குழுவைத் தொடங்கியவன் அவன். கோபித்துக்கொண்டு போயிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?" என்று டிரம்மரிடம் கேட்டான்.

"தண்ணி பாஞ்சு முடிஞ்சதும்" என்றார் அவர்.

மறுநாள் எங்களுக்கு முன்பே வந்து பம்புசெட்டு அறையைக் கூட்டி வைத்திருந்தான். அந்தப் பெண் புதுப்பாட்டின் தொடக்கத்தை வாசித்துக் காட்டினாள். அண்ணனுக்கு முதல் தடவை பிடிபடவில்லை. "இன்னொரு தடவ வாசிங்கண்ணே" என்றாள் அவள். அவன் வாசித்தான்.